மறு: புல்தரைப் புழுவுக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம். புல்தரையின் வேரைத் தின்னும் வண்டின் புழுவுக்கு நம் பதிவில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

‘குருத்துப்புழு’ வேண்டாம். அந்தப் பெயரைக் கேட்டதும் தண்டைத் துளைக்கும் பூச்சிதான் நினைவுக்கு வரும். ‘வெண்புழு’ நிறத்தை மட்டும் சொல்கிறது. நிலக்கடலை, கரும்பு பயிரிடுவோரிடம் ஏற்கெனவே புழங்கும் ‘வேர்ப்புழு’ என்ற சொல், அது செய்யும் வேலையையே சொல்கிறது. புல்தரைக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஆனால் வரையறை கறாராக இருக்க வேண்டும். புல் திட்டுத் திட்டாகக் காய்ந்தால் தண்ணீர்க் குறைவா, பூஞ்சையா, புழுவா என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. காய்ந்த இடத்தில் பிடித்து இழுத்தால் வேரறுந்த புல் பாயைச் சுருட்டுவதுபோல வந்துவிடும். அடியில் வளைந்து கிடப்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பால்வெள்ளை உடல், பழுப்புத் தலை, தலையை ஒட்டி மூன்று இணைக் கால்கள், உள்ளே இருக்கும் மண் தெரிவதால் கருத்த வால்புறம். வயிற்றுப் பகுதியிலும் கால்கள் இருந்தால் அது படைப்புழு வகை, அந்துப்பூச்சியின் பிள்ளை. காலே இல்லை என்றால் கூன்வண்டின் புழுவாக இருக்கலாம். அதுவும் புல்லின் வேரைத் தின்னும் என்பதால் ‘காலில்லா வேர்ப்புழு’ எனலாம்.

இந்தப் பிரிவினை மருந்து வாங்கும்போது தேவைப்படும். இலை தின்னும் புழுக்களுக்கென்று விற்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாகி வகை பாக்டீரியா மருந்து, வண்டின் புழுவை ஒன்றும் செய்யாது. வெறுமனே ‘புழு மருந்து’ என்று எழுதினால் வாசகர் அதைத் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்.

அப்புறம், நெமட்டோடு, அதாவது நூல் போன்ற நுண்ணுயிரி. வேர்ப்புழுவைக் கொல்ல ஹெட்டெரோராப்டிடிஸ் என்ற நெமட்டோடை மண்ணில் விடுகிறோம். இதையும் ‘புழு’ என்றே எழுதினால் எது எதைத் தின்கிறது என்று குழம்பும். எங்கும் ‘நூற்புழு’ என்றே எழுதுவோம். வெயிலும் வறட்சியும் நூற்புழுவைக் கொன்றுவிடும். மாலையில் ஈர மண்ணில் ஊற்றி, மறுபடி நீர் விட வேண்டும் என்ற குறிப்பும் பதிவில் சேரட்டும். வேர்ப்புழு முட்டையிலிருந்து வந்த சில வாரங்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன். முற்றிய வேர்ப்புழு எளிதில் சாகாது.

‘பொருளாதாரச் சேத நிலை’ (பூச்சியால் வரும் இழப்பு மருந்துச் செலவுக்கு ஈடாகும் அளவு) என்பது வயலுக்குச் சரி. வீட்டுப் புல்தரையில் விளைச்சல் ஏது? ‘தாங்கு வரம்பு’ என்று வைக்கலாம். ஒரு சதுர அடிப் புல்லை மூன்று பக்கம் வெட்டி மடித்து, 2–3 அங்குல ஆழம் கிளறி எண்ண வேண்டும். புழுக்கள் 5-க்குக் கீழே இருந்தால் வேர் நன்றாகப் பிடித்த புல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், மருந்தே வேண்டாம். 10-ஐத் தாண்டினால் சும்மா இருக்கக் கூடாது. வண்டின் வகை, நீர்ப் பாய்ச்சல் இவற்றைப் பொறுத்து இந்த எண் மாறும்.

மீதி இருப்பது ஒன்று. புழுவின் உடலில் கடைசிக் கணுவின் அடியில் உள்ள முள்மயிர் வரிசையை உருப்பெருக்கியில் பார்த்துத்தான் எந்த வண்டின் புழு என்று பிரிக்கிறார்கள். அதற்கு ‘வால்மயிர்க்கோலம்’ என்று முன்மொழிகிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.