பெங்களூரில் நன்றாக ஓடிய ஆர்எக்ஸ் 100, இருங்காட்டுக்கோட்டையில் மூன்றாவது லேப்பில் சீஸ் (பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டது). ஜெட் பிரச்சினையா?

அல்சூர்_98சிசி:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. மாமா ஓட்டியது. அவருக்கு முழங்கால் போனபின் ஏழு வருஷம் மாடிப்படிக்குக் கீழே சாக்கு போர்த்திக் கிடந்தது. போன தீபாவளிக்கு என்ஜினை மட்டும் இறக்கி, மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குக் கொண்டு போனேன். அதில்தான் என் பட்டறை: ஒரு வைஸ், ஒரு டை கிரைண்டர், ஒரு டேபிள் ஃபேன், காயப்போட்ட துணியில் பெட்ரோல் வாடை என்று அம்மாவின் புலம்பல்.

செய்தது இவ்வளவுதான். சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளையை, அதாவது எக்ஸாஸ்ட் போர்ட்டை, 2 மில்லிமீட்டர் மேலே ஏற்றினேன். பழைய சிடி ஒன்றில் டிகிரி தாளை ஒட்டி அளந்ததில், கிராங்க் ஒரு சுற்றில் எக்ஸாஸ்ட் திறந்திருப்பது 184 டிகிரி, புதுக் கலவை மேலே வரும் டிரான்ஸ்ஃபர் துளை 126. ஈயக் கம்பி வைத்து நசுக்கிப் பார்த்த ஸ்க்விஷ், அதாவது பிஸ்டன் உச்சியில் ஹெட்டோடு விடும் இடைவெளி, 0.9 மில்லி. கிராங்க்குக்கு இரண்டு பக்கமும் புது பேரிங், புது ஆயில் சீல், நானே அடித்துப் போட்டேன். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு 25-க்கு 1 கலவை. கார்புரேட்டர் 24 மில்லி, அதில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் 120. இந்த எண் மாமாவின் நோட்டில் இருந்து எடுத்தது. அவர் அந்தக் காலத்தில் டிராக் பக்கம் கொஞ்சம் சுற்றியவர். சைலன்சரை நானே தகடு வெட்டி, கூம்பு கூம்பாக வெல்டிங் பண்ணினேன். எக்ஸாஸ்ட் டிகிரியை 42545-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுக்கும் கணக்கில், 9500-க்கு நீளம் 824 மில்லி வந்தது. 820 வைத்தேன்.

ஒசூர் ரோட்டில் நண்பனின் குடோன் காம்பவுண்டு இருக்கிறது. நேராக 250 மீட்டர் கிடைக்கும். ஒரு மாதம் அங்கேதான் ஓட்டினேன், சும்மா பறந்தது. சூடேறிய பிறகு ஆக்சிலரேட்டரை விட்டால் மட்டும் ஆர்பிஎம் உடனே இறங்காது, ஒரு நாலைந்து விநாடி மேலேயே நின்றுவிட்டு இறங்கும். கேபிள் பிடிக்கிறது என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் சென்னை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பயிற்சி நாள். சென்னை கடல் மட்டம், ஜெட்டை ஏற்று என்று நண்பன் சொன்னதால் காலையிலேயே 130 போட்டேன். மூன்றாவது லேப், ஸ்ட்ரெய்ட் முடிகிற இடம், டாப் கியர். கீச்சென்று பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருந்ததால் விழவில்லை.

என் கேள்வி: 140 போட்டிருக்க வேண்டுமா? இல்லை, போர்ட்டை அதிகமாகத் தோண்டிவிட்டேனா?

சோழவரம்_ரசிகன்:

பெங்களூர்க்காரர்கள் எல்லோருக்கும் இங்கே முதல் தடவை நடப்பதுதான் ப்ரோ. எங்கள் காற்று கெட்டி. 140 போடுங்கள், ஆயிலையும் 20-க்கு 1 ஆக்குங்கள், பிரச்சினை தீர்ந்தது.

பீனியா_லேத்து:

தம்பி, முதலில் கிளட்ச் மேல் விரல் வைத்த பழக்கத்துக்கு ஒரு சபாஷ். இருபத்தாறு வருஷமாக நான் என்ஜின் சிலிண்டருக்குப் போரிங் போடுகிறேன். சீஸ் ஆன பிளாக்கோடு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் கட்டும் இருக்கும்.

இப்போது ஜெட் கணக்கு. பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரம், காற்றழுத்தம் பத்து சதவீதத்துக்குக் கிட்டக் குறைவு. ஆனால் சென்னை வெயில் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். கடைசியில் அங்கே காற்றின் கனம் ஏழெட்டு சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். அதிலும் கார்புரேட்டரே பாதியைச் சரிக்கட்டிவிடும், ஏனென்றால் காற்று கனத்தால் ஜெட்டில் உறிஞ்சலும் கூடும். நீங்கள் ஈடுகட்ட வேண்டியது நாலு சதவீதம். மிகுனி கம்பெனியின் அறுகோண ஜெட்டில் எண் என்பது பெட்ரோல் பாயும் அளவு, அதனால் 120-க்கு நாலு சதவீதம் என்றால் 125. உயரம் கேட்டது ஒரே ஒரு சைஸ்.

மாமா நோட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் 120 என்று எழுதிய காலத்தில் பெட்ரோல் வெறும் பெட்ரோல். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால். அதை 2023 பிப்ரவரியில் நம் பெங்களூரில் வைத்துத்தான் தொடங்கினார்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் அதே ஜெட்டில் கலவை இன்னும் லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகும். இதற்கும் ஒரு சைஸ், ஒன்றரை சைஸ் வேண்டும். இரண்டையும் கூட்டினால் 130, 132 பக்கம் வருகிறது. நீங்கள் 130 போட்டிருக்கிறீர்கள். அப்படியும் மூன்றே லேப்பில் பிடித்திருக்கிறது என்றால் எனக்கு ஜெட் மேல் சந்தேகம் இல்லை.

சோழவரம் தம்பிக்கு: ஆயில் கூட்டினால் அதே ஜெட் வழியாக வரும் பெட்ரோல் குறையும். 25-இலிருந்து 20-க்குப் போனால் ஒரு சதவீதம்தான், ஆனாலும் லீன் பக்கம்தான் போகிறது. லீன் ஆன என்ஜினுக்கு அது மருந்து இல்லை.

போர்ட்: 50 மில்லி ஸ்ட்ரோக்கில் அந்த இடத்தில் 1 மில்லி ஏற்றினால் மொத்தத்தில் ஐந்து டிகிரிக்குக் கொஞ்சம் கீழே கூடும். 184 ரேஸுக்கு ஒன்றும் பாவம் இல்லை. அகலம் எவ்வளவு? நடுவில் பாலம் இல்லாத போர்ட் என்றால் சிலிண்டர் விட்டத்தில் எழுபது சதவீதம், அதாவது 35 மில்லியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிங் உள்ளே எட்டிப் பார்க்கும்.

இனி முக்கியமானது. பிஸ்டனைக் கையில் எடுத்து, கீறல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சுற்றிலும் நாலு மூலையில் நெடுக்குக் கோடு என்றால் போரிங் டைட், அல்லது சூடு ஏறுவதற்குள் முறுக்கிவிட்டீர்கள். கார்புரேட்டர் பக்கம் மட்டும் என்றால் ஆயில் போதவில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் அகலமாக இழுத்திருந்தால் தலை சூடாகியிருக்கிறது. ஒரே ஒரு மெல்லிய கோடு, அதுவும் போர்ட் ஓரத்துக்கு நேராக என்றால் ஓரத்தை மழுக்காமல் விட்டிருக்கிறீர்கள். பிளக்கையும் பாருங்கள். துடைத்துவிடாதீர்கள்.

அல்சூர்_98சிசி:

அண்ணே, பார்த்துவிட்டேன். அகலம் 33. ஓரத்தை அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து மழுக்கித்தான் இருந்தேன். கீறல் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும், மூன்று விரல் அகலம். அந்தப் பக்கம் ரிங் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிஸ்டனுக்கு உள்ளே தலைக்கு அடியில் ஆயில் கருகிக் கறுப்பு. பிளக் பீங்கான் சுண்ணாம்பு போல வெள்ளை, அதில் கடுகைவிடச் சின்னதாக அலுமினியப் பொட்டுகள். 130 போட்டும் இவ்வளவு வெள்ளையா?

பீனியா_லேத்து:

நினைத்தேன். முதல் பதிவில் நீங்களே விடையைச் சொல்லிவிட்டுக் கேபிள் மேல் பழி போட்டிருக்கிறீர்கள். சூடான பிறகு ஆர்பிஎம் இறங்காமல் தொங்குகிறது என்றால், கேபிள் சரியாக இருக்கும்பட்சத்தில், கார்புரேட்டரைத் தாண்டி வேறு எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் ஒரு பம்புதான். பிஸ்டன் மேலே போகும்போதெல்லாம் உறிஞ்சும். ஓட்டை எங்கே இருந்தாலும் வெறும் காற்றைக் குடிக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் கிழிந்தால் கியர் ஆயில் உள்ளே போய்ப் புகை கிளம்பும், ஊருக்கே தெரியும். கரண்ட் எடுக்கும் மேக்னட் பக்கத்துச் சீல் கிழிந்தால் காற்று மட்டும்தான் போகும், ஒருவருக்கும் தெரியாது. குடோனில் ஆறேழு விநாடி முறுக்கிவிட்டு விட்டுவிடுவீர்கள், பிஸ்டன் ஆறிவிடும். டிராக் ஸ்ட்ரெய்ட்டில் அதற்கு ஆற நேரம் கிடையாது.

நீங்கள் செய்த சைலன்சரும் இதில் சேர்த்திதான். அது வெளியே ஓடிய புதுக் கலவையைத் திருப்பி அடித்து உள்ளே திணிக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் வால்டர் காடன் இந்த வித்தையில்தான் 125 சிசியில் 25 குதிரை எடுத்தார். 1961-இல் அவருடைய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் வித்தையோடு சுசுகிக்கு ஓடிப்போனார், மறு வருஷமே 50 சிசி உலகப் பட்டம் அவர்களுக்கு. ஆரம்பித்தால் நான் விடிய விடியப் பேசுவேன், விடுங்கள். நிறையத் திணித்தால் நிறையச் சூடு, அந்தச் சூட்டோடு லீன் கலவை சேர்ந்தால் எக்ஸாஸ்ட் பக்கம்தான் முதலில் உருகும்.

பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். கருவி வாங்க வேண்டாம், வட்ட டயல் வைத்த பிபி பார்க்கும் பம்பு போதும். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்த ஓட்டில் ரப்பர் டியூபைச் செருகி ஹெட்டில் மாட்டுங்கள். எக்ஸாஸ்ட்டையும் கார்புரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் வெட்டி வைத்துத் தகடு போட்டு இறுக்குங்கள். பிஸ்டன் அடியில் இருக்கட்டும், அப்போதுதான் டிரான்ஸ்ஃபர் திறந்து காற்று கீழே வரை போகும். பிளாக் கீறியிருந்தாலும் பரவாயில்லை, சீலுக்காகத்தான் பார்க்கிறோம். 300 வரை பம்பு பண்ணுங்கள். அதற்கு மேல் வேண்டாம், நல்ல சீலும் வெளியே வந்துவிடும். ஒரு நிமிஷத்தில் 50 இறங்கினாலே அந்த என்ஜின் டிராக்குக்கு ஆகாது. மேக்னட்டைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள்.

காக்ஸ்டவுன்_ஷோகன்:

சீலைத் தானே அடித்துப் போட்டதாக எழுதியிருக்கிறாரே. சாவிப் பள்ளத்தின் மேல் டேப் சுற்றினாரா என்று கேளுங்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அல்சூர்_98சிசி:

டேப் சுற்றவில்லை.

இன்று காலை செய்தேன். பிபி மெஷின் அம்மாவுடையது, அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எடுத்தேன். 300-க்கு ஏற்றினால் கண்ணெதிரே 200, 150, 100. அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. ஹெட்டில் நுரை இல்லை, பிளாக் அடி பேக்கிங்கில் இல்லை, கிளட்ச் பக்கம் சுத்தம். மேக்னட் பக்கம் நுரை தடவியதும் பொங்கல் பானை மாதிரி பொங்கியது. சீலை எடுத்துப் பார்த்தால், உதட்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு. கிராங்க் முனையில் இருக்கிற சாவிப் பள்ளத்தின் ஓரத்தோடு வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்துகிறது. சுத்தியலும் சாக்கெட்டும் வைத்து அடித்தபோது நானே வெட்டியிருக்கிறேன். கேபிளுக்குத் தினமும் எண்ணெய் விட்டது வேறு வீண்.

பிளாக்கை 0.25 ஓவர்சைஸ் போட வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கேப் எவ்வளவு விடச் சொல்வது அண்ணே?

பீனியா_லேத்து:

இரண்டு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. மில்லியில் 0.05. டவுனுக்கு ஓட்டுகிற வண்டி மாதிரி டைட்டாகப் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்து போரிங் போடச் சொல்லுங்கள். சைஸ் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். போரிங் முடிந்து வந்ததும் போர்ட் ஓரங்களை மறுபடி மழுக்க வேண்டும், கத்தி மாதிரி ஆகியிருக்கும். புது சீல் போட்டதும் மறுபடி ஒரு பிரஷர் டெஸ்ட். ஜெட்டில் 135-இலிருந்து ஆரம்பித்துப் பிளக் நிறம் பார்த்து இறங்குங்கள். 120-இலிருந்து ஏறாதீர்கள்.

அல்சூர்_98சிசி:

சரி அண்ணே. மெஷினைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம் அம்மா பிரஷர் பார்க்க உட்கார்ந்தவர், டியூபை மூக்குக்கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் புதுசு ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும். பழையது பட்டறைக்கு.