ஜூனில் பிறந்த மகனுக்கு ஜனவரியில் உயிலா? 1634 நார்ஃபோக் பதிவுகளில் உதவி தேவை

கேள்வி:
வணக்கம். என் கணவரின் முன்னோர் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி நெசவாளர்கள். பிள்ளைகளுக்காக வம்சாவளி எழுதிக்கொண்டு வருகிறேன். 1634இல் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பாரிஷ் (உள்ளூர்த் தேவாலய) பதிவேட்டில் மகனுக்கு ஞானஸ்நானம் 1634 ஜூன் 8. தந்தையின் உயிலில் தேதி 1634 ஜனவரி 12, அடக்கம் 1634 பிப்ரவரி. ஆனால் அதே உயிலில் இந்தப் பையனின் பெயரைச் சொல்லித் தறியை எழுதி வைத்திருக்கிறார்! ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள் இருந்தனவா?

இன்னொன்று. 'சன் இன் லா'வுக்கு ஒரு கோட்டு கொடுத்திருக்கிறார். அவருக்குத் திருமணமே 1626இல்தான். மூத்த பெண்ணுக்கே ஏழு வயதுதான் இருக்கும். மருமகன் எங்கிருந்து வந்தார்?

பதில் 1:
ஒரே குடும்பம்தான் அக்கா. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஜனவரி 1க்கு மாறியது 1752இல். நமக்குச் சித்திரையில் ஆண்டு பிறப்பதால் ஆனி முன்னால், தை பின்னால் வருகிறதே, அதே கணக்குதான். உயிலில் உள்ள ஜனவரி, இன்றைய கணக்கில் 1635.

எதற்கும் உயிலின் தொடக்கத்தில் மன்னரின் ஆட்சியாண்டு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதலாம் சார்லஸின் ஆட்சி தொடங்கியது 1625 மார்ச் 27. பத்தாம் ஆண்டு என்று இருந்தால் 1634 மார்ச் 27க்கும் 1635 மார்ச் 26க்கும் இடையில் வரும் ஜனவரி ஒன்றே ஒன்றுதான், அது 1635.

பதில் 2:
மருமகன் குழப்பத்துக்கு நான் சொல்கிறேன். அக்கால உயில்களில் மனைவியின் முந்தைய மணத்து மகனையும் 'சன் இன் லா' என்றே எழுதினார்கள். 'கசின்' என்று வந்தாலும் உஷார், அண்ணன் மகனாகக்கூட இருக்கலாம். ஆக, அந்த அம்மா 1626இல் விதவையாக இருந்திருக்க வேண்டும். முதல் கணவரின் அடக்கத்தைத் தேடுங்கள். பதிவேட்டில் பக்கம் கிழிந்திருந்தால் பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்களைப் பாருங்கள்.

முதல் கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தாலும், சொத்தை நிர்வகிக்கும் உரிமையை மனைவிக்குக் கொடுத்த ஆவணம் இருக்கலாம். அதற்குள் அந்த அம்மா மறுமணம் செய்திருந்தால் புதுக் கணவரின் குடும்பப்பெயரில் இருக்கும், கவனம். நார்விச் மறைமாவட்ட நீதிமன்ற உயில்கள் நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குப் போனவை லண்டனின் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 'புரோப் 11' (PROB 11) என்ற ஆவண வரிசையில்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. உயிலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் காலக் கையெழுத்தில் ஆங்கில 'இ' (e) திரும்பிப் படுத்திருக்கிறது, 'எச்' (h) வரிக்குக் கீழே வால் விடுகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். பத்தாம் ஆண்டுதான்!

அப்புறம் 1626 திருமணப் பதிவில் மணமகள் பெயருக்குப் பின்னால் சின்னதாக 'விட்' (wid) என்று இருக்கிறது. மைக்கறை என்று நினைத்து விட்டுவிட்டேன்; அது விதவை என்பதன் சுருக்கம்.

அப்படியானால் அந்தத் தறி ஏழு மாதக் கைக்குழந்தைக்கு எழுதி வைத்தது. இது தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது. இன்று இரவு 1626லிருந்து பின்னோக்கி அடக்கப் பதிவுகளைப் புரட்டப் போகிறேன்.