ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை: மதர்போர்டு போய்விட்டதா?

குமுளி வியாபாரி:
வணக்கம். ஏலக்காய் கொள்முதல் கணக்கு எழுதும் டெஸ்க்டாப்பில் பிரச்சினை. இங்கே மழை பிடித்ததிலிருந்து அறை முழுக்க ஈரம், கரண்டும் வந்து வந்து போகிறது. இப்போது சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, முன்பக்க விளக்கு எரிகிறது, ஆனால் மானிட்டரில் 'நோ சிக்னல்' என்றுதான் வருகிறது. உள்ளேயிருந்து நீளமான பீப் சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது. காட்டிய கடையில் பெட்டியைத் திறக்காமலே மதர்போர்டு போய்விட்டது, ஹார்ட் டிஸ்க்கும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பழைய கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம் இரண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

கம்பம் சர்வீஸ்:
அண்ணே, எதையும் வாங்கிவிடாதீர்கள். அந்த பீப் சத்தம் நல்ல சேதி.

கம்ப்யூட்டர் விழிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டி 230 வோல்ட் ஏசியை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றுகிறது. அந்த வோல்ட்டுகள் நிலைக்கு வந்ததும் 'பவர் குட்' என்று மதர்போர்டுக்கு சிக்னல் போகும். அதுவரை பிராசசர் அசையாது. அப்புறம் அது போர்டில் இருக்கும் சிப்பிலிருந்து பயாஸை, அதாவது கம்ப்யூட்டரைக் கிளப்பும் முதல் புரோகிராமைப் படிக்கத் தொடங்கும். வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமை பயாஸ் தேடும். ரேம் சரியாகக் கிடைத்தால்தான் திரை, அதன் பிறகுதான் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எல்லாம்.

பீப் அடிக்க வேண்டும் என்றால் பிராசசர் பயாஸை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் பிராசசரும் போர்டும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. விட்டு விட்டு வரும் நீள பீப், பல போர்டுகளில் ரேம் கோளாறைக் குறிக்கும். உங்களுக்குத் தனி கார்டு இல்லாததால் திரைக்கான படமும் ரேமில் ஒரு பங்கை எடுத்துத்தான் உருவாகிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்தாலும் பயாஸ் திரை வந்தாக வேண்டும். அதனால் இந்தக் கோளாறுக்கு டிஸ்க்கைக் குற்றம் சொல்வது தப்பு. கணக்கு பத்திரமாகவே இருக்கும்.

கூடலூர் தம்பி:
எஸ்எம்பிஎஸ் பலவீனமாக இருந்தாலும் ஃபேன் சுற்றுமே அண்ணே? ஃபேனுக்கு 12 வோல்ட் போதும். மல்டிமீட்டரில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் காட்டுகிறதா என்று பார்க்கலாம்.

கம்பம் சர்வீஸ்:
நியாயமான சந்தேகம்தான் தம்பி. ஆனால் செலவில்லாத சோதனையை முதலில் முடிப்போம். வியாபாரி அண்ணே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியின் தகரத்தைத் தொட்டுவிட்டு இரண்டு ரேமையும் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை உதறி, ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள். பிறகு மற்றதை மட்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

வண்டிப்பெரியாறு டீச்சர்:
உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். எங்கள் பள்ளி லேபிலும் ஜூன், ஜூலையில் இதே தொல்லை வரும். மூடி வைத்த மெஷின்களில்தான் அதிகம். வாரத்தில் சில நாளாவது ஓடவிட்டால் அந்தச் சூட்டிலேயே ஈரம் விலகிவிடும்.

குமுளி வியாபாரி:
வந்துவிட்டது! ஒரு ரேமோடு விண்டோஸ் வரை போகிறது, கணக்கெல்லாம் அப்படியே இருக்கிறது. இன்னொன்றை எந்த ஸ்லாட்டில் மாட்டினாலும் பீப்தான். இன்னும் இரண்டு கேள்வி. தேதி ஒவ்வொரு முறையும் 2014-க்குப் போய்விடுகிறது, வங்கிப் பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறது. அப்புறம், மைத்துனர் ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் கொடுத்தார், உட்காரவில்லை. கொஞ்சம் அழுத்தினால் போகுமா?

வண்டிப்பெரியாறு டீச்சர்:
தேதிக்குக் காரணம் போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி. பிளக்கைப் பிடுங்கினாலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். சிஆர்2032 என்று கேளுங்கள், 3 வோல்ட். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்தால் வங்கிப் பக்கம் திறந்துவிடும். பழைய தேதியில் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைக்கிறது.

கம்பம் சர்வீஸ்:
அழுத்தவே வேண்டாம் அண்ணே, ஸ்லாட் உடைந்துவிடும். உங்கள் போர்டு டிடிஆர்3 வகை ரேமுக்கானது: 240 முனை, வழக்கமாக 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 முனை, 1.2 வோல்ட். ஒன்றில் மற்றது ஏறக் கூடாது என்றுதான் நடுவில் இருக்கும் வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்3 4 ஜிபி ஒன்று வாங்குங்கள். லேப்டாப் ரேம் குட்டையாக இருக்கும், கடையில் மாற்றிக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் இப்படி வந்து போகும் ஊரில் ஒரு சின்ன யுபிஎஸ் அவசியம், ஆனால் அதற்கும் முன்னால், இன்றைக்கே கணக்கு முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

குமுளி வியாபாரி:
நகல் ஏறிக்கொண்டிருக்கிறது அண்ணே. பேட்டரி நாளைக்கு. ரொம்ப நன்றி டீச்சர்.