டிவி செய்தியாளர் வேலைக்குப் போகலாமா, குரூப் 4 எழுதலாமா?

விருதை விஸ்காம்:
விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் வருஷம் படிக்கிறேன், விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். டிவியில் செய்தியாளர் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. அப்பா குரூப் 4 எழுது என்கிறார். சென்னையில் போய் ஜர்னலிசம் டிப்ளமோ படிக்க வீட்டில் பணம் இல்லை. நேரடியாக ஏதாவது சேனலில் சேரலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாஜி மைக்:
வேண்டாம் தம்பி. ஒன்பது வருஷம், இரண்டு சேனல் பார்த்தவன் சொல்கிறேன். கடைசி சேனலில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெச்ஆர் கூப்பிட்டார்கள், செலவைக் குறைக்கிறோம் என்றார்கள், ராஜினாமா கடிதத்தை அவர்களே டைப் அடித்து வைத்திருந்தார்கள், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நாளிதழ்காரர்களுக்காக எழுதியது, டிவிக்காரனுக்கு அதில் இடமே இருக்கவில்லை. 2020-ல் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் மின்னணு ஊடகத்தையும் சேர்த்துவிட்டார்கள், சரி. ஆனால் நீயே விரும்பிப் போனதாக எழுதிக் கொடுத்துவிட்டால் எந்தச் சட்டத்தைக் கூப்பிடுவாய்? குரூப் 4 எழுது.

டெல்டா நிருபர்:
அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது சம்பளத்தின் கதை, வேலையின் கதை இல்லை. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். விடிந்ததும் அரசின் முன்னேற்பாடுகளை எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள், நியாயம்தான், ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். ஆனால் உள்ளே பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடப்பது சென்னையில் யாருக்கும் தெரியாது. டவர் இல்லை, கரண்ட் இல்லை. நானும் கேமராமேனும் பைக்கில் மரங்களைத் தாண்டித் தாண்டி சிக்னல் கிடைக்கும் இடம் வரை போய் விஷுவல் அனுப்பினோம். இருபது வருஷம் வளர்த்த தோப்பைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரியவர் மைக் முன்னால் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார், அந்த பைட்டை, அதாவது பேட்டித் துண்டை, வெட்டாமல் அப்படியே போட்டார்கள். அதற்காக இந்த வேலையில் இன்னும் இருக்கிறேன்.

கைபேசிக்காரன்:
இரண்டு பேரும் 2012-லேயே நிற்கிறீர்கள். ஒரு போன், ஒரு காலர் மைக், ஒரு ட்ரைபாட் வாங்கி இவர் ஊர்ப் பிரச்சினையை இவரே யூடியூபில் போடட்டும், யாரிடம் வேலை கேட்க வேண்டும்? சேனலில் எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் போடுவார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். 2016 டிசம்பர் 5 சாயங்காலம் ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று எத்தனை தமிழ்ச் சேனல்கள் போட்டன, மறந்துவிட்டதா? கட்சி அலுவலகக் கொடியையே அரைக்கம்பத்துக்கு இறக்கி, மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏற்றினார்கள். மருத்துவமனை அறிவித்தபடி அவர் இறந்த நேரம் அன்று இரவு 11.30.

டெல்டா நிருபர்:
அன்று என்னைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள், அந்த மருத்துவமனை இருக்கும் கிரீம்ஸ் சாலையில் நின்றுகொண்டிருந்தேன். சேனலின் செய்தி டெஸ்கில் இருந்து போன் வந்தது, "அவன் போட்டுவிட்டான், நாமும் போடலாமா?" என்று. என் கண்ணால் எதுவும் பார்க்கவில்லை, யாரும் உறுதியாகச் சொல்லவில்லை, பொறுங்கள் என்றேன். பொறுக்கவில்லை. நான் போனை வைப்பதற்குள் ஸ்க்ரோல் ஓடிவிட்டது. அதனால் சேனல் உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பொறுங்கள் என்று சொல்ல ஒரு ஆள் அங்கே நின்றது இல்லையா? தனியாக யூடியூப் நடத்துகிறவருக்கு அதைச் சொல்வது யார்?

மாஜி மைக்:
நின்றாய், சொன்னாய், கேட்டார்களா? அதைத்தானே நானும் சொல்கிறேன். வியாழக்கிழமை டிஆர்பி, அதாவது எந்தச் சேனலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு, வந்தால் அவன் முந்தினானா நாம் முந்தினோமா என்றுதான் மீட்டிங்கில் பேச்சு, பொறுத்தவனுக்கு அதில் மார்க் கிடையாது. தப்பானால் மட்டும் "ஸ்பாட்டில் யார் இருந்தது?" என்று தேடுவார்கள்.
கைபேசிக்காரர் சொல்வதையும் நம்பாதே தம்பி. தாலுகா அலுவலகத்தில் லோகோ போட்ட மைக்கை நீட்டினாலே பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள், வெறும் போனோடு போனால் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே சிலர் பணக் கவரை நீட்டிப் பார்ப்பதும் உண்டு, அது தனிக் கதை.

விருதை விஸ்காம்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, ஒருவேளை சேனலுக்குப் போனால் தேர்வில் என்ன கேட்பார்கள்?

டெல்டா நிருபர்:
எங்கள் இடத்தில் ஆங்கிலச் செய்தி ஒன்றைக் கொடுத்து, முப்பது விநாடியில் படிக்கிற மாதிரி தமிழில் எழுதச் சொல்வார்கள். பேப்பரில் எழுதுகிற நீளத்துக்கு எழுதினால் அங்கேயே முடிந்தது. "ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் அவர் தெரிவித்ததாவது" என்று ஆரம்பிக்காதே, கேட்கிறவர் ரிமோட்டை எடுத்துவிடுவார். யாருக்கு என்ன ஆனது என்பது முதல் வரியில் வர வேண்டும். அப்புறம் ல, ள, ழ. தினமும் பத்து நிமிடம் சத்தமாகப் படித்து ரெக்கார்ட் பண்ணிக் கேள், உன் குரல் உனக்கே பிடிக்காது, பரவாயில்லை.
வேலை கிடைத்தாலும் முதல் ஆறு மாதம் அப்பாவிடம் பணம் கேட்க வேண்டியிருக்கும். அதை முன்பே அவரிடம் பேசிவிடு.

மாஜி மைக்:
ஆறு மாதமா? ஒன்றரை வருஷம் என்று சொல். சின்னப் பையனை ஏமாற்றாதே.

டெல்டா நிருபர்:
சரி, ஒரு வருஷம்.

மாஜி மைக்:
ஒன்றரை.