மூணாற்றுப் பங்களாவின் துரைசானி

மூணாற்றில் தோட்டத் துரைமார் குடியிருந்த பழைய பங்களா ஒன்று இப்போது விடுதியாக நடக்கிறது. அங்கே சில ஆண்டுகள் இரவுப் பணியில் வரவேற்பு மேசையில் இருந்தவன் என்பதால், மாடியில் உலவுவதாகச் சொல்லப்படும் துரைசானியைப் பற்றி எழுதுகிறேன்.

வாடகைக் கார் ஓட்டுநர்கள் பயணிகளிடம் சொல்லும் கதைப்படி அந்தத் துரைசானி எலனார் நைட். அப்படி ஒரு பெண் வாழ்ந்தது உண்மைதான். தோட்ட அதிகாரி ஹென்றி நைட்டை மணந்து மலைக்கு வந்த இளம்பெண், 1894இல் காலராவில் இறந்தார். அவர் ஆசைப்பட்டுக் காட்டிய குன்றிலேயே அடக்கம் செய்தார்கள் என்பர். இன்று சி.எஸ்.ஐ. தேவாலயமாக இருக்கும் கற்கட்டடம் அக்குன்றின் அடியில் எழுந்தது 1911இல்தான். எங்கள் பங்களாவோ அதற்கும் பிந்தியது. 1924 ஜூலையில், மலையாள ஆண்டு 1099இல் வந்ததால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று பெரியவர்கள் சொல்லும் பெருவெள்ளம், டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டிகளைச் சுமந்த சிறு ரயில் பாதையையே அழித்துவிட்டது. அதன் பிறகு கட்டிய வீடு இது. இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து எழுந்த வீட்டில் அந்த அம்மையாருக்கு என்ன வேலையோ!

ஒரு மார்கழி இரவில், ஈரோட்டிலிருந்து குடும்பத்துடன் வந்து மாடியில் தங்கியிருந்தவர் தொலைபேசியில் அழைத்து, வராந்தாவில் யாரோ குதிகால் உயர்ந்த செருப்புடன் நடப்பதாகச் சொன்னார். காவலாளி அண்ணனும் நானும் டார்ச்சுடன் ஏறினோம். ஆள் இல்லை, ஆனால் கணப்படுப்பு இருந்த பக்கத்திலிருந்து எங்களை நோக்கி, பலகை பலகையாக, சீரான இடைவெளியில் ஓசை வந்தது. எனக்கும் உடல் சிலிர்த்தது என்பதை மறைப்பதற்கில்லை. நெருப்பு அணைந்தபின் உறைபனிக் குளிரில் பழைய மரப்பலகைகள் சுருங்கி ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பொலி எழுப்பும் என்றும், கூரைக்கடியில் மரநாய் ஓடுவதும் உண்டு என்றும் விளக்கினேன். “இதைக் காலையில் சொல்லுங்கள், நம்புகிறேன்” என்றார் அவர்.

அந்த வீட்டில் இளம் வயதிலிருந்தே பட்லராக இருந்த பெரியவரிடம் மறுநாள் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

“தொரசாணி ஒண்ணும் செய்யமாட்டா தம்பி. காலராவுலயும் மலைக்காய்ச்சல்லயும் நம்ம லயத்துல எத்தனை பேரு செத்தாங்க? அவங்க பேயா வந்தா யாரு ரூம் போட்டுப் பாக்க வருவா?”

போடியிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் பின்னால் மலையேறி வந்தவர்களின் பேரர் அவர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த நானும் முனிக்குத்தான் பயந்திருக்கிறேன், துரைசானிக்கு அல்ல.

ஈரோட்டுக்காரர் அடுத்த மார்கழிக்கும் வந்தார். அதே அறைதான் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார். இம்முறை மைத்துனர் குடும்பமும் உடன் வந்திருந்தது.