வீட்டு லைனில் எத்தனை கேம் மெஷின் தாங்கும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிளிநொச்சி:
வீட்டின் முன்னறையில் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கேம் கடை போட்டிருக்கிறேன். எல்லாம் பழைய குழாய்த் திரை வைத்த பெரிய பெட்டிகள். ரொறன்ரோவில் இருக்கிற மச்சானும் இதே மாதிரி வைத்திருக்கிறார். "ஒரு லைனில் ஏழுதான்" என்கிறார். அந்த நாட்டுக்கு அது சரி. 120 வோல்ற், 15 அம்பியர், தொடர்ந்து ஓடுகிற லோட் என்பதால் அதில் 80 வீதம். 1440 வாற் வரும். பெட்டி ஒன்றுக்கு 200 வாற் வைத்தால் ஏழு. நமக்கு 230 வோல்ற். 13 அம்பியர் பிளக் ஒன்றிலேயே அதே கணக்குக்குப் பதினொன்று போடலாம். ஆனால் எனக்கு அதில் பாதி போட்டாலே கரண்ட் விழுகிறது. யாருக்காவது இப்படி நடந்ததா?

வவுனியா, வயரிங் வேலை:
தம்பி, விழுந்தது பிரேக்கரா, ரிப் சுவிச்சா? அதைப் பார்க்காமல் வாற் கணக்குப் போட்டுப் பயனில்லை. பிரேக்கர் விழுவது லோட் கூடினால், அல்லது ஷோர்ட் ஆனால். ரிப் சுவிச் பார்ப்பது வயரை விட்டு எர்த்துக்குக் கசிகிற கரண்டை மட்டும்தான்.

நெடுங்கேணிப் பக்கம் ஒரு கணினி வகுப்பில் இதையே கண்டேன். லோட் சொற்பம், ரிப் சுவிச் மட்டும் அடிக்கடி விழும். ஒவ்வொரு கணினியின் பவர் சப்ளையிலும் உள்ள, கரண்டின் இரைச்சலை வடிக்கும் பில்டர் ஒன்றிரண்டு மில்லிஅம்பியரை எர்த்துக்கு விடும். அது பழுதல்ல, அதன் அமைப்பே அப்படி. 30 மில்லிஅம்பியர் ரிப் சுவிச் 15ஐத் தாண்டினாலே விழலாம். பத்துப் பதினைந்து பெட்டியின் கசிவும், ஈரம் பிடித்த பிரிட்ஜ் ஒன்றின் கசிவும் சேர்ந்தால் போதும். அங்கே லைனைப் பிரித்து இரண்டு ரிப் சுவிச் போட்டதும் சரியாகிவிட்டது. உன் பழைய பெட்டிகளில் ஏதாவது ஒன்று அளவுக்கு மிஞ்சிக் கசியவும் கூடும், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்.

ரிப் சுவிச்சை மட்டும் பைபாஸ் பண்ணிவிடாதே. காசு போடும் கதவு இரும்பு, பிள்ளைகள் அதில்தான் சாய்ந்து நிற்பார்கள். ஓகஸ்டில் நம் மண் காய்ந்தால் எர்த் கம்பியும் சரியாக வேலை செய்யாது. அந்தக் கம்பி இறக்கிய குழிக்குத் தண்ணீர் ஊற்று.

புதுக்குடியிருப்பு:
எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் ஒரு கேம் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டு லைட் லைனில் இருந்து கரண்ட் எடுத்தார்கள். லைட் லைன் என்றால் 6 அம்பியர் பிரேக்கர், 1 சதுர மில்லிமீற்றர் வயர். மாலை முழுக்க ஓடியது. இடையில் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோதுதான் விழுந்தது. குழாய்த் திரைக்குள் காந்தம் நீக்கும் சுருள் ஒன்று இருக்கும், ஓன் பண்ணும் கணத்தில் வழமையைவிடப் பல மடங்கு இழுக்கும். எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் எழும்ப, அந்த வீட்டுக் கிணற்று மோட்டரும் சேர்ந்து எழும்பியது. எக்ஸ்ரென்ஷன் வயரையும் உருளையில் சுற்றியபடியே வைத்திருந்தார்கள். அது இளகி ஒட்டிப்போயிருந்தது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயம் தந்தது அதுதான், சூடு போக வழியே இல்லை.

மல்லாவி:
கனடாவில் இருந்து பெட்டி எடுப்பவர்கள் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ற் என்றிருந்தால் ரான்ஸ்போமர் இல்லாமல் குத்த வேண்டாம். சண்டைக் காலத்தில் ஜெனரேற்றரில் ஊரே கூடி ரீவி பார்த்தோம், அப்போது எத்தனை லீற்றர் எண்ணெய் இருக்கிறது என்பது மட்டுமே கேள்வி!

கிளிநொச்சி:
அண்ணை, விழுவது ரிப் சுவிச்தான். கழற்றிப் பார்த்ததில் இரண்டு பெட்டிகள் சேர்ந்தால்தான் விழுகிறது, தனித்தனியாக இருந்தால் இல்லை. பிளக் லைன் 2.5 வயர், 20 அம்பியர் பிரேக்கர், அதில் பிழை தெரியவில்லை. பாதியை வேறு ரிப் சுவிச்சுக்கு மாற்றப் போகிறேன். அந்த இரண்டு பெட்டியின் பவர் சப்ளையை வவுனியாவில் எங்கே பார்க்கக் கொடுக்கலாம்?