தடுப்பூசித் தீர்ப்பு பற்றி ஓர் உதவி வேண்டும்

நண்பர்களே, அரசு தடுப்பூசியைக் கட்டாயப்படுத்தலாமா என்று அடுத்த வாரம் எங்கள் ஊர் நூலகத்தில் பேச வேண்டும். கொரோனா தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் 2022 மே 2-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தேன். யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது, தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு (உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு) தரும் உரிமை என்கிறது. சரி. ஆனால் பொது நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த நியாயத்தின் எல்லை எது? வழக்கறிஞர்கள் யாராவது எளிமையாக விளக்குங்களேன்.

அப்புறம், அம்மை குத்த ஆள் வந்தால் பிள்ளைகளை நெற்குதிருக்குள் ஒளித்து வைப்போம் என்பார் என் பாட்டி. அந்தப் பயத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லாமல் போனதும் அந்த ஊசியால்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதுங்கள், ஞாயிறுக்குள் கிடைத்தால் நல்லது.